மீண்டும் வந்த விருந்தினர்

உழைத்துக் களைத்த மாந்தர் ஓய்வு நாடிப் பிற நாடுகளைக் காணச் செல்லுதல் உலக இயல்பு. செல்வோர்க்கு அஃது இன்பம். வரவேற்போர்க்கோ அதுவே பிழைப்பு. பயணம் நின்றால் முன்னவர் இழப்பது சில நாள் மகிழ்ச்சி. பின்னவர் இழப்பது அன்றாட உணவு. இவ்வுண்மையைத் தாய்லாந்து நாட்டின் அண்மைக்கால வரலாறு நன்கு விளக்கும்.

2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4 கோடி அயல்நாட்டார் தாய்லாந்திற்கு வந்தனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கொரோனா நோய் உலகெங்கும் பரவிய கொள்ளைநோய் என உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. அடுத்த திங்களில் அயல்நாட்டுப் பயணிகள் விமானங்களைத் தாய்லாந்து தடுத்தது. தெற்கே கடல் சூழ்ந்த புக்கெட் தீவில் விடுதிகள் மூடப்பட்டன. படகுகள் கரையில் கிடந்தன. படகோட்டிகளும் சமையற்காரரும் வேலையிழந்தனர். 2021ஆம் ஆண்டில் அந்நாட்டிற்கு வந்தோர் ஏறத்தாழ 4 இலட்சம் பேரே.

‘பயணம் என்று மீளும்?’ என்பதே எங்கும் எழுந்த வினா. வாயிலைத் திறந்த அன்றே கூட்டம் வந்துவிடாது. புறப்படுவோர்க்கு மூன்று வேண்டும்: நோயச்சம் நீங்கிய மனம், கையில் பொருள், இடரின்றிச் சென்று திரும்பும் வழி. இவை மூன்றும் ஒரே நாளில் வந்து சேரா.

ஆதலின் தாய்லாந்து படிப்படியாக முயன்றது. முதலில் புக்கெட் மக்களுக்குத் தடுப்பூசி இடுவதில் முனைந்தது. பின்னர், 2021 ஜூலை முதல் நாள் தொட்டு, தடுப்பூசி பெற்ற விருந்தினரைத் தனிமைப்படுத்தாது அத்தீவில் ஏற்றது. அங்கே 14 நாள் தங்கிய பின்னரே அவர்கள் பிற பகுதிகளுக்குச் செல்லலாம் என முதலில் விதிக்கப்பட்டது. நம்பிக்கை மெல்ல வளர்ந்தது. 2022இல் வந்தோர் தொகை 1 கோடியைக் கடந்தது. 2023இல் 2 கோடியே 80 இலட்சமாயிற்று. 2024இல் மூன்றரைக் கோடியை எட்டியது. ஆயினும் பழைய அளவு அவ்வாண்டிலும் திரும்பவில்லை.

பயணம் மீளும்போது பழைய பிழையும் உடன் மீளலாகாது. அந்நாட்டின் மாயா விரிகுடாவில் மிகுந்த கூட்டத்தாலும் படகுகளாலும் பவளப்பாறைகள் சிதைந்தன. ஆதலின் 2018ஆம் ஆண்டிலேயே அஃது அடைக்கப்பட்டது. மக்கள் நடமாட்டம் நின்றபின், துடுப்பின் நுனி கறுத்த சுறாக்கள் அங்கு மீண்டும் வந்து உலவின. 2022 ஜனவரியில் விரிகுடா திறக்கப்பட்டபொழுது, படகுகள் உள்ளே நுழைதல் தடுக்கப்பட்டது. வருவோர் தொகைக்கும் வரம்பு கட்டப்பட்டது.

விருந்தினர் வருகையால் ஊர் வாழ்கின்றது. ஊரின் வளம் கெடாதிருந்தால்தான் விருந்தினரும் மீண்டும் வருவர். இவ்விரண்டையும் ஒருங்கே பேணுதல் அறிவுடையோர் கடமையாகும்.