பழைய டிராக்டர் வாங்கும் முன் பி.டி.ஓ.வைப் பாருங்கள்

பழைய டிராக்டர் பார்க்கப் போகிறவர்கள் டயரைப் பார்ப்பார்கள், எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், எத்தனை ஹெச்.பி. என்று விசாரிப்பார்கள். பி.டி.ஓ. எந்த வகை என்று கேட்பவர்கள் குறைவு. புதர்வெட்டியோ பேலரோ மாட்டி வேலை வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

எஞ்சின் சக்தியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் தண்டுதான் பி.டி.ஓ. வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. கிளட்சை மிதிக்கும்போது இந்தத் தண்டு என்ன செய்கிறது என்பதை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. கியர்பாக்ஸ் பி.டி.ஓ.

அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் இந்த வகை. கிளட்ச் ஒன்றே ஒன்று. மிதித்தால் சக்கரத்துக்கும் தண்டுக்கும் சேர்ந்தே சக்தி நின்றுவிடும். ஹைட்ராலிக் பம்பும் இதே வழியில் ஓடுவதால் லிஃப்டும் தூக்காது.

அறுத்து வரிசையாகப் போட்ட புல்லை பேலரில் கட்டுகிறீர்கள். ஓரிடத்தில் புல் குவிந்து கிடக்கிறது. வண்டியை நிறுத்தலாம் என்று கிளட்சை மிதித்தால், வாய் நிறையப் புல்லோடு பேலரும் நின்றுவிடும். திரும்ப ஓட்டினால் அந்தப் பாரம் முழுக்க ஒரே அடியாக விழும். ஷியர் போல்ட் உடைவது இப்படித்தான்.

புதர்வெட்டியில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. கிளட்சை மிதித்த பிறகும் கனமான கத்தி சுழன்றுகொண்டிருக்கும். அந்த விசை தண்டு வழியே கியர்பாக்ஸுக்குத் திரும்பி வந்து வண்டியை முன்னே தள்ளும். எதிரே வேலி இருந்தால் வேலியில்தான் போய் முட்டும். இதற்கு மருந்து ஓவர்ரன்னிங் கிளட்ச். சைக்கிள் ஃப்ரீவீல் போல, கத்தி தன்பாட்டுக்குச் சுழலும். விசை திரும்பி வராது. 8என் தண்டு 1⅛ அங்குலம், பிற்காலக் கருவிகளுக்கு 1⅜ வேண்டும். இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யும் அடாப்டரை வாங்கி மாட்டுங்கள். ஆனால் இதை மாட்டியதால் பி.டி.ஓ. லைவ் ஆகிவிடாது.

2. லைவ் பி.டி.ஓ.

மாஸி பெர்குசன் 35, 135 மாடல்களில் டூயல் கிளட்ச் உள்ளவை இந்த வகை. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே வழியாக நமக்கும் பழகிய பெயர்தான் மாஸி. பெடலைப் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும். முழுதும் மிதித்தால் தண்டும் நிற்கும். புல் குவிந்த இடத்தில் பாதி மிதித்துக் காத்திருங்கள். பேலர் வாயில் இருப்பதைத் தின்று முடித்ததும் காலை எடுத்தால் போதும்.

பி.டி.ஓ.வைப் போடவும் எடுக்கவும் முழு மிதி வேண்டும் என்பதால், அதற்கு வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். கிளட்ச் தேய்ந்தால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்தால் இரண்டு தட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

3. இண்டிபெண்டன்ட் பி.டி.ஓ.

இதில் தண்டுக்குத் தனி கிளட்ச், தனி லீவர். கால் மிதிக்கும் பெடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓடும்போதே போடலாம், எடுக்கலாம். 1954இல் வந்த ஃபார்மால் சூப்பர் எம்-டிஏ இந்த வசதி கொண்டது. அதன் உள்ளே இருப்பது பிளானட்டரி கியரும் அதை இறுக்கிப் பிடிக்கும் பட்டைகளும். லீவரை எடுத்த பிறகும் தண்டு மெல்ல ஊர்ந்தால், பட்டையைச் சரிசெய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும் என்று அர்த்தம். விலை பேசும்போது அதைக் கணக்கில் வையுங்கள்.

வாங்கும் இடத்தில் சோதனை

பழைய வண்டிகளில் ‘லைவ்’ என்ற சொல்லை இரண்டாவது, மூன்றாவது வகை இரண்டுக்குமே சொல்வார்கள். அதனால் நீங்களே பாருங்கள். கருவி எதுவும் மாட்டாமல், நியூட்ரலில், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு பி.டி.ஓ.வைப் போடுங்கள். தள்ளி நிற்கும் ஒருவர் தண்டைக் கவனிக்கட்டும். பெடலை மெல்ல அழுத்துங்கள். பாதியில் காலுக்கு ஒரு தடை தட்டி, அதையும் தாண்டி அழுத்திய பிறகே தண்டு நின்றால் டூயல் கிளட்ச். தடையே தெரியாமல் நின்றால் கியர்பாக்ஸ் வகை. முழுதும் மிதித்தும் சுழன்றால் இண்டிபெண்டன்ட்.

எதை எடுப்பது?

உழவு, டிரெய்லர், கொஞ்சம் புதர் வெட்டுவது என்றால் முதல் வகை போதும். ஓவர்ரன்னிங் கிளட்ச் கட்டாயம். பேலர் ஓட்ட வேண்டுமென்றால் லைவுக்குக் கீழே இறங்காதீர்கள். நாள் முழுக்க பி.டி.ஓ. வேலை இருந்தால், கூடுதல் பணம் கொடுத்தாவது இண்டிபெண்டன்ட் வாங்குங்கள்.

எந்த வகை வாங்கினாலும் ஒன்றை மறக்க வேண்டாம். 540 என்றால் நொடிக்கு 9 சுற்று. 1⅜ அங்குலத் தண்டு ஒரே நொடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். வண்டி நின்றுவிட்டது என்பதால் தண்டும் நின்றுவிட்டதாக நினைக்காதீர்கள். லைவிலும் இண்டிபெண்டன்ட்டிலும் அது சுழன்றுகொண்டே இருக்கலாம். தண்டு மூடியைக் கழற்றாதீர்கள். இறங்கும் முன் பி.டி.ஓ.வை எடுத்து, எஞ்சினை அணைத்து, தண்டு நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே கருவிக்குப் பக்கத்தில் போங்கள்.