கட்டிலுக்கடியில் போகும் டப்பா

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி வீடுகளுக்குக் கிராம சுகாதார செவிலியராகப் பல வருடம் போய்வந்திருக்கிறேன். என் தலையைப் பார்த்ததும் பால் பவுடர் டப்பா கட்டிலுக்கடியில் போய்விடும். "தாய்ப்பால் மட்டுந்தானுங்க நர்சம்மா" என்பார்கள். திட்டினால் டப்பா நிற்காது, என்னிடம் கேட்பதுதான் நிற்கும். அதனால், "எடுத்துட்டு வா கண்ணு, ஒரு வேளைக்கு என் முன்னாடி கலக்கு" என்பேன்.

கலக்கும்போதுதான் எல்லாம் தெரியவரும். முதலில் தண்ணீரை அளக்க வேண்டும், பிறகுதான் பவுடர். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி, தலைதட்டி. அந்த டப்பாவிலேயே இருக்கும் கரண்டியால். மூன்று மாதப் பிள்ளைக்கு இது மட்டுமே உணவென்றால் 400 கிராம் டப்பா மூன்று நான்கு நாளில் காலி. தறிக்கூலிக்கு அது கட்டுமா? மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு விழுகிறது. பிள்ளைக்கு வயிறு நிறைகிறது, தூங்குகிறது, எடை மட்டும் ஏறுவதில்லை. நான் பார்த்ததில் ஆகப் பெரிய கெடுதல் இதுதான்.

அடுத்தது தண்ணீர். காவிரித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரில் கலக்கிவிடுகிறார்கள். சேலம், நாமக்கல் இரண்டு மாவட்டத்திலும் உப்பும் ஃப்ளோரைடும் மிகுந்த போர்கள் உண்டு. கொதித்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். பிள்ளைக்கென்று நல்ல தண்ணீரைத் தனியாகப் பிடித்து மூடிவையுங்கள்.

பவுடரிலேயும் கிருமி இருக்கலாம். ஆறிய தண்ணீரில் கலந்தால் அது சாகாது. ஒரு லிட்டர் கொதிக்கவைத்து மூடி, அரைமணிக்குள், 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் கலந்து, பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றுங்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே ஊட்ட வேண்டும். பிள்ளை குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். காசு போட்டு வாங்கியதைக் கொட்ட மனசு வராது, தெரியும். ஆனால் சித்திரை வெயிலில் அடுத்த வேளைக்கு வைப்பது வயிற்றுப்போக்கைக் கூப்பிட்டு உட்காரவைப்பது.

"நாங்கெல்லாம் சங்குல ஊத்தித்தானே வளர்த்தோம்" என்று மாமியார் சொன்னால், அத்தை சொல்வது சரி. ரப்பர் நிப்பிளைவிடப் பாலாடையைத் தேய்த்துக் கழுவிக் கொதிக்கவைப்பது சுலபம்.

1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பால் பவுடருக்கு விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரியும் கொடுக்கக் கூடாது. யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பவுடருக்குப் பதில் தானப் பால் கிடைக்காதா என்றால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கி அங்கே சேர்ந்திருக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்கானது. வீட்டுப் பிள்ளைக்கு அதை நம்பி இருக்க முடியாது.

பவுடர் தொடங்கிவிட்டோமே, இனி மார்பில் போட்டு என்ன என்று விட்டுவிடாதீர்கள். ஷிப்டு முடிந்து வந்ததும், இரவிலும் சப்பக் கொடுங்கள். சப்பச் சப்பத்தான் பால் ஊறும். அங்கன்வாடியில் எடை போட்டுப் பார்த்து, எடை ஏற ஏற டப்பாவை ஒவ்வொரு வேளையாகக் குறைத்த தாய்மார் எங்கள் பகுதியிலேயே இருக்கிறார்கள்.