ஒட்டகம் சொன்ன பதில்: குழந்தையின் நிறமும் மரபணுவும்
(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு கிராமவாசி நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். தம் மனைவி கறுப்பு நிறக் குழந்தையைப் பெற்றிருப்பதாகச் சொன்னார். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனதில் சந்தேகம். நபியவர்கள் கோபப்படவில்லை. அவருடைய ஒட்டகங்களைப் பற்றி விசாரித்தார்கள். அவை சிவப்பு நிறம் என்றார். அவற்றில் சாம்பல் நிறமும் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, முன்னோர் வழியில் ஏதோ ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்று அவரே பதில் சொன்னார். உம் பிள்ளையையும் அப்படி ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்று நபியவர்கள் விளங்க வைத்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அந்தப் பிள்ளையைத் தம்முடையதல்ல என்று மறுக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஒரு பெண்ணின் மானமும் காக்கப்பட்டது, ஒரு குழந்தைக்குத் தகப்பனும் கிடைத்தார்.

மறைந்திருந்து வெளிப்படும் கூறு

1866-ல் மெண்டல் என்பவர் பட்டாணிச் செடிகளை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தார். முதல் தலைமுறை முழுதும் நெட்டை. அடுத்த தலைமுறையில் 787 நெட்டை, 277 குட்டை. குட்டைத்தன்மை அழிந்துபோகவில்லை, மறைந்திருந்தது. நம் ஊரில் ஆடு வளர்ப்பவர்களைக் கேளுங்கள், தாய் தகப்பன் இரண்டிலும் இல்லாத நிறத்தில் குட்டி பிறப்பதைப் பார்த்திருப்பார்கள்.

மனிதனுக்கு 46 குரோமோசோம்கள். 23 தாயிடமிருந்து, 23 தந்தையிடமிருந்து. ஆணும் பெண்ணும் கலந்த துளியிலிருந்து மனிதனைப் படைத்ததாக அல்லாஹ் 76-வது அத்தியாயத்தில் கூறுகிறான். தாய் கொடுப்பது எக்ஸ் மட்டுமே. தந்தை எக்ஸ் கொடுத்தால் பெண், ஒய் கொடுத்தால் ஆண். அந்தத் தேர்வும் அவர் கையில் இல்லை, அல்லாஹ்வின் நாட்டம். அப்படியிருக்க, பெண் பிள்ளையாகப் பெறுகிறாள் என்று மருமகளைக் குத்திக்காட்ட மாமியாருக்கு என்ன உரிமை இருக்கிறது?

சொந்தத்தில் திருமணம்

மாமு மகள், மாமி மகன் என்று சொந்தத்துக்குள் முடிப்பது நம் பகுதியில் வழக்கம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. அக்கா மகளை மணப்பது நமக்கு ஹராம், அந்நிஸா அத்தியாயம் தடுத்துவிட்டது. மாமு, மாமி, சாச்சா பிள்ளைகளை மணப்பது ஹலால். ஆனால் அனுமதி என்பது கட்டளை அல்ல.

விளைவு என்ன? ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பொதுவாகப் பெற்றிருப்பார்கள். தாத்தாவிடம் பழுதான ஒரு மரபணு இருந்தால், அவருக்கு ஒன்றும் செய்யாது. அது இரு பேரப்பிள்ளைகளுக்கும் வந்து, அவர்கள் கணவன் மனைவியானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் மூன்று நலமாகப் பிறந்தாலும் நான்காவதுக்கும் அதே கணக்குதான். பிறவிச் செவிட்டுத்தன்மை, தலசீமியா போன்றவை இப்படி வரலாம். சொந்தத்தில் முடித்தவர்கள் பயப்பட வேண்டாம், பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அதே குடும்பத்துக்குள் முடிக்கும்போது ஆபத்து கூடுகிறது.

இந்த வகை நோயில் கூறு இருவரிடமிருந்தும் வந்தால்தான் குழந்தையைப் பாதிக்கும். ஆகவே "உன் வம்சத்தால்தான் வந்தது" என்று மனைவியிடம் சொல்வது பொய்யான பழி.

நாம் செய்ய வேண்டியது

பெண் பேசி முடிக்கும் முன்பே இரு வீட்டாரும் குடும்பத்தில் உள்ள நோய்களை மறைக்காமல் பேசுங்கள். தலசீமியா கூறு இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனையில் அறியலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நமக்குக் கற்றுத்தந்த வழி. கூறு இருப்பது தெரிந்தால் அதை ஊருக்குச் சொல்லி எந்தப் பெண்ணின் வாழ்வையும் கெடுக்காதீர்கள், அது அமானிதம். குறையோடு பிறந்த பிள்ளையும் அமானிதமே. அதை வீட்டுக்குள் மறைக்காமல் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் மஸ்ஜிதுக்கும் அழைத்து வாருங்கள்.

யா அல்லாஹ், எங்கள் சந்ததிகளுக்கு ஆரோக்கியத்தையும் எங்கள் நாவுகளுக்குப் பேணுதலையும் தருவாயாக. ஆமீன்.