கூகி வா தியாங்கோவின் மொழித்தேர்வும் அதன் அரசியலும்: கமிரீத்து அரங்கை முன்வைத்து

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ (1938–2025) ஆங்கிலத்தை விடுத்துக் கிக்கூயூ மொழியில் படைக்கத் தொடங்கியமை பெரும்பாலும் பண்பாட்டு மீட்பாகவே விளக்கப்படுகிறது. 1977ஆம் ஆண்டு நிகழ்வுகளை நிரல்படுத்தி நோக்கின், அவ்விளக்கம் போதாது என்பது புலனாகும்.

விடுதலைக்குப் பின் நிலத்தையும் வணிகத்தையும் தமதாக்கிக்கொண்ட கென்ய மேல்தட்டினரைச் சாடும் ‘பெட்டல்ஸ் ஆஃப் பிளட்’ என்னும் ஆங்கில நாவல் அவ்வாண்டு வெளிவந்தது. அதற்காக அவர் சிறைப்படுத்தப்படவில்லை. அக்டோபரில், கூகி வா மிரீயுடன் இணைந்து எழுதிய கிக்கூயூ நாடகம் கமிரீத்து ஊரில் மேடையேறியது. அடுத்த மாதமே அதன் உரிமம் பறிக்கப்பட்டது. டிசம்பர் 31 அன்று அவர் கைதானார். விசாரணையின்றி ஏறத்தாழ ஓராண்டு காமிதிச் சிறையில் வைக்கப்பட்டார். மாவ் மாவ் தலைவர் தேதான் கிமாதியை 1957இல் ஆங்கிலேயர் தூக்கிலிட்ட சிறை அது. இரு படைப்புகளிலும் சாடப்பட்ட வர்க்கம் ஒன்றே. மொழியும் அவையுமே வேறு.

அவ்வவை எத்தகையது என்பது ஈண்டு முதன்மையானது. 1950களின் நெருக்கடிநிலையில் மக்களைக் கண்காணிப்பின்கீழ் வைக்கக் காலனிய அரசு உருவாக்கிய குடியிருப்பு கமிரீத்து. அங்கு வாழ்ந்த உழவர்களும் தொழிலாளர்களுமே திறந்தவெளி அரங்கைக் கட்டினர், நடித்தனர், நாடகப் படியின் மொழியையும் செய்திகளையும் திருத்தினர். பல்கலைக்கழகப் பேராசிரியர் தம் தாய்மொழியை அவர்களிடம் மீண்டும் கற்கும் நிலை உருவாயிற்று. இக்கூட்டுழைப்பே அரசை அச்சுறுத்தியது எனலாம். நாடகம் 1980இல் நூலாக வெளிவர இயன்றது. அரங்கோ 1982இல் இடித்துத் தள்ளப்பட்டது.

ஆப்பிரிக்க அனுபவத்தை ஆங்கிலம் தாங்கவல்லது என்ற சினுவா அச்செபேயின் வாதம் வலுவானதே. ஆயின் அது மொழியின் வெளிப்பாட்டுத்திறன் பற்றியது. படைப்பைக் கேட்போர் எழுத்தாளரை மறுத்துரைக்க இயலுமா என்பதே கமிரீத்து எழுப்பிய வினா. நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் கென்யாவில் கிக்கூயூ ஓர் இனத்தாரின் மொழி மட்டுமே என்ற தடையும் மெய்யானது. ஆப்பிரிக்க மொழிகளுக்கிடையிலான மொழிபெயர்ப்பையே கூகி அதற்கு வழியாகக் கண்டார். சிறையில் கழிவறைத் தாளில் அவர் எழுதிய கிக்கூயூ நாவல் சுவாகிலியிலும் வந்தது.

‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ எனத் தமிழில் அறியப்படும் அந்நாவலை வீடுகளிலும் மதுக்கடைகளிலும் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதாரும் கூடியிருந்து கேட்டனர்.