விற்றது எத்தனை கார்?

மட்டாஞ்சேரி, கொச்சியின் பழைய வணிகப் பகுதி. அங்கே பஜார் சாலையில் நடந்தாலே மிளகு வாசனை வரும். சுக்கு, ஏலக்காய், மஞ்சள் மூட்டைகள் அடுக்கிய குடோன்கள் அங்கே உள்ளன.

அப்படி ஒரு குடோனில் அக்கா வேலை செய்கிறார். மிளகைப் புடைப்பார். கல், தூசி பொறுக்குவார். தரம் பிரிப்பார். கல்யாணமாகித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சிறு வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகு இரவு வகுப்பில் படிக்கக் கற்றார். இப்போது தினமும் டீக்கடையில் செய்தித்தாள் படிக்கிறார்.

அவருடைய தம்பியும் மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறார். டாக்சி ஓட்டுகிறார். டச்சு அரண்மனையையும் யூதத் தெருவையும் பார்க்க வருகிறவர்களே அவருடைய வாடிக்கையாளர்கள். கார் அவருடையது இல்லை. ஓட்டுகிற நாளெல்லாம் 700 ரூபாய் வாடகை கட்ட வேண்டும். சொந்தக் கார் வாங்கப் பல ஆண்டுகளாகப் பணம் சேர்த்து வந்தார்.

ஒரு போன் வந்தது

2025 செப்டம்பர் 2. ஓணத்துக்கு இன்னும் மூன்று நாள். தம்பி வேகமாக வந்தார்.

"அக்கா, ஷோரூமிலிருந்து போன் வந்தது. ஓணத்துக்கு முன்னாடி எடுத்தா 20,000 ரூபாய் தள்ளுபடியாம். கார் எல்லாம் பறந்துட்டு இருக்குதாம். இன்னைக்கே முன்பணம் கட்டச் சொல்றாங்க."

அக்கா அவசரப்படவில்லை.

"உட்காரு தம்பி. டீ குடி. கார் பறக்குதுன்னு அவர் சொல்றார். பேப்பரில் வேற மாதிரி போட்டிருக்கே."

ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் கார் கம்பெனிகள் கணக்குச் சொல்லும். போன மாதம் எத்தனை கார் விற்றது, எத்தனை கார் வெளிநாடு போனது என்று அதில் இருக்கும். மறுநாள் அது செய்தித்தாளில் வரும். அன்றைய தாளில் ஆகஸ்ட் மாதக் கணக்கு வந்திருந்தது. பல கம்பெனிகளுக்கு உள்நாட்டு விற்பனை குறைந்திருந்தது.

எந்த மாதத்தோடு எந்த மாதம்?

"விற்பனை குறைஞ்சதுன்னா எதைவிடக் குறைஞ்சது?" என்று தம்பி கேட்டார்.

நல்ல கேள்வி. ஒரு எண்ணைத் தனியாகப் பார்த்தால் பயன் இல்லை. இன்னொரு எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். எதோடு வைத்துப் பார்ப்பது?

ஆவணி மாதத்தை ஆடி மாதத்தோடு ஒப்பிடக் கூடாது. ஆடியில் பலர் புது வண்டி வாங்க மாட்டார்கள். கேரளத்தில் அந்த மாதத்துக்குக் கர்க்கடகம் என்று பெயர். அங்கேயும் பலர் அந்த மாதத்தில் நல்ல காரியம் தொடங்குவதில்லை. ஆவணி பிறந்தால் வாங்குவார்கள். ஆடியில் 10 பேரும் ஆவணியில் 15 பேரும் வாங்கினால், நாடு செழித்துவிட்டது என்று பொருள் இல்லை. நாள் பார்த்து வாங்கினார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இந்த ஆண்டு ஆகஸ்டைப் போன ஆண்டு ஆகஸ்டோடு ஒப்பிட வேண்டும். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பண்டிகை ஒவ்வொரு ஆண்டும் ஒரே தேதியில் வராது. 2024இல் திருவோணம் செப்டம்பர் 15. 2025இல் செப்டம்பர் 5. பத்து நாள் முன்னால் வந்துவிட்டது.

அக்கா சொன்னார்: "ஓணம் முன்னாடி வந்தா, ஓணத்துக்கு வாங்கறவங்க ஆகஸ்டிலேயே வாங்கியிருக்கணும். நம்ம பக்கம் விற்பனை கூடியிருக்கணும். நாடு முழுக்கக் கணக்குக் குறையுது. அப்போ மக்கள் எதுக்கோ காத்திருக்காங்க."

எதற்குக் காத்திருந்தார்கள்?

2025 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் பேசினார். தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி. வரியில் மாற்றம் வரும், வரி குறையும் என்றார். உடனே கார் வாங்க நினைத்த பலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "வரி குறைந்தால் கார் விலையும் குறையுமே" என்று நினைத்தார்கள். கம்பெனிகளும் ஷோரூமுக்கு அனுப்பும் கார்களைக் குறைத்தன.

நாடு முழுவதும் 2024 ஆகஸ்டில் ஷோரூம்களுக்குப் போனவை சுமார் 3 லட்சத்து 53 ஆயிரம் கார்கள். 2025 ஆகஸ்டில் சுமார் 3 லட்சத்து 22 ஆயிரம்தான். இதில் ஜீப் போன்ற பெரிய வண்டிகளும் வேன்களும் சேரும்.

உள்நாடு ஒன்று, வெளிநாடு ஒன்று

தம்பி தாளில் விரலை வைத்தார்.

"இங்க பாருங்க அக்கா. மாருதி சுசுகிக்கு மொத்த விற்பனை அப்படியேதான் இருக்கு."

மாருதி சுசுகியின் 2024 ஆகஸ்ட் மொத்தக் கணக்கு சுமார் 1 லட்சத்து 82 ஆயிரம். 2025 ஆகஸ்டில் சுமார் 1 லட்சத்து 81 ஆயிரம். பெரிய மாற்றம் இல்லை. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் கதை வேறு.

உள்நாட்டில் விற்ற கார்கள் 1 லட்சத்து 43 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 31 ஆயிரமாகக் குறைந்தன. வெளிநாட்டுக்குப் போனவை 26 ஆயிரத்திலிருந்து 36 ஆயிரத்து 500 ஆகக் கூடின. ஒரு பக்கம் இறங்கியது. ஒரு பக்கம் ஏறியது. கூட்டிப் பார்த்தால் இரண்டும் தெரியவில்லை.

அக்காவுக்கு இது புதிது இல்லை.

"எங்க குடோனிலும் இதே கதைதான் தம்பி. கப்பலுக்குப் போற மிளகு வேற. ஊர்க் கடைக்குப் போற மிளகு வேற. இங்க விலை படுத்துக் கிடக்கும். வெளிநாட்டில் கேட்பாங்க. மூட்டையைச் சேர்த்து எண்ணினா ஒண்ணும் புரியாது. பிரிச்சு எண்ணணும்."

இந்தியா பல ஆண்டுகளாகக் கார் ஏற்றுமதி செய்கிறது. 1987இல் மாருதி 500 கார்களை ஹங்கேரி நாட்டுக்கு அனுப்பியது. தமிழ்நாட்டில் திருப்பெரும்புதூரில் ஹுண்டாய் ஆலை 1998இல் கார் செய்யத் தொடங்கியது. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்திலிருந்தும் கார்கள் கப்பலேறிப் போகின்றன. இந்தக் கார்களைக் கிரேன் வைத்துத் தூக்குவதில்லை. ஓட்டுநர்கள் ஓட்டிச் சென்றே கப்பலுக்குள் வரிசையாக நிறுத்துகிறார்கள்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஒரு ஆண்டில், உள்நாட்டில் விற்பனைக்குப் போன கார்கள் சுமார் 43 லட்சம். ஏற்றுமதியானவை சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம்.

ஏற்றுமதி இருந்தால் என்ன நன்மை? உள்நாட்டில் வாங்குவோர் குறைந்தாலும் ஆலை ஓடும். தொழிலாளிக்கு வேலை இருக்கும். ஆனால் அதிலும் ஆபத்து உண்டு. வாங்கும் நாடு எப்போது கதவை மூடும் என்று சொல்ல முடியாது. இலங்கையைப் பாருங்கள். அந்நியச் செலாவணி குறைந்ததால் 2020இல் வாகன இறக்குமதியை அது நிறுத்தியது. 2025 பிப்ரவரியில்தான் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது.

இரண்டு கதவுமே மூடிய காலமும் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு. அந்த மாதம் மாருதி உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. குஜராத்தின் முந்த்ரா துறைமுகம் மறுபடி இயங்கிய பிறகு 632 கார்கள் மட்டும் வெளிநாடு போயின.

இரண்டு நாள் பொறுத்தார்

"இப்போ நான் என்ன செய்யட்டும் அக்கா?"

"நாளைக்கு டெல்லியில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடுது. பேப்பரில் இருக்கு பாரு. வரி குறையுமா, எவ்வளவு குறையும்னு எனக்கும் தெரியாது. ஆனா ரெண்டு நாளில் தெரிஞ்சிடும். ரெண்டு நாள் பொறுத்தா என்ன போகுது?"

"தள்ளுபடி போயிடுமே."

"ஓணம் வெள்ளிக்கிழமைதானே? முடிவு வந்த பிறகும் ஒரு நாள் இருக்கு."

தம்பி அன்று முன்பணம் கட்டவில்லை.

செப்டம்பர் 3 இரவு முடிவு வந்தது. சிறிய பெட்ரோல் கார்களுக்கு அதுவரை 100 ரூபாய்க்கு 29 ரூபாய் வரி. செப்டம்பர் 22 முதல் 18 ரூபாய் என்று ஆனது.

அக்காவும் தம்பியும் நோட்டில் கணக்குப் போட்டார்கள். வரி இல்லாமல் காரின் விலை 6 லட்சம் ரூபாய்.

பழைய வரி: 1,74,000 ரூபாய்.
புதிய வரி: 1,08,000 ரூபாய்.
மிச்சம்: 66,000 ரூபாய்.
ஓணம் தள்ளுபடி: 20,000 ரூபாய்.
காத்திருந்தால் கூடுதல் லாபம்: 46,000 ரூபாய்.

"அவசரப்படாதேன்னு நீங்க சொன்னது 46,000 ரூபாய் அக்கா" என்றார் தம்பி.

"முழுக்கச் சொல்லாதே. கார் வர்ற வரைக்கும் நீ வாடகை கட்டணும். அதையும் கழிக்கணும்" என்றார் அக்கா.

அனுப்பியதெல்லாம் விற்றதா?

தம்பி புதிய விலையில் காருக்குப் பதிவு செய்தார். ஆனால் உடனே கிடைக்கவில்லை. காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். நவராத்திரியும் செப்டம்பர் 22 அன்றே தொடங்கியது. தம்பி வரிசையில் நின்றார். தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால், அக்டோபர் 15 அன்று கார் கைக்கு வந்தது. கேட்ட நிறம் கிடைக்கவில்லை. காத்திருந்த 40 நாளும் வாடகை கட்டினார். 40 நாளுக்கு 28,000 ரூபாய். 46,000இல் 28,000 போனால் 18,000 ரூபாய் மிச்சம்.

நவம்பரில் அக்டோபர் மாதக் கணக்கு வந்தது. அதில் இரண்டு எண்கள் இருந்தன. கார் செய்யும் கம்பெனிகளின் சங்கம் சுமார் 4 லட்சத்து 61 ஆயிரம் என்றது. கார் விற்கும் டீலர்களின் கூட்டமைப்பு சுமார் 5 லட்சத்து 57 ஆயிரம் என்றது.

"எது பொய் அக்கா?"

"ரெண்டும் பொய் இல்லை. எங்க குடோனிலிருந்து 10 மூட்டை மிளகு கடைக்குப் போனா, முதலாளி 10 மூட்டை வித்ததா எழுதுவார். ஆனா கடைக்காரர் 4 மூட்டையைப் பிரிக்காமலே வச்சிருக்கலாம். மிளகு சமையலறைக்குப் போனாத்தானே உண்மையா வித்தது?"

கம்பெனி ஷோரூமுக்கு அனுப்பியதே முதல் எண். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மக்கள் பெயரில் பதிவானது இரண்டாம் எண். அனுப்பியது அதிகம், பதிவானது குறைவு என்றால் ஷோரூமில் கார் தேங்குகிறது. அப்போது தள்ளுபடி கேட்டுப் பேசலாம். அனுப்பியது குறைவு, பதிவானது அதிகம் என்றால் தேங்கிய கார்களும் விற்றுப் போகின்றன. அப்போது பேரம் படியாது. காத்திருக்கவும் வேண்டும். அந்த அக்டோபரில் நடந்தது இதுதான்.

காத்திருப்பது எப்போதும் லாபம் இல்லை. சில சமயம் விலை ஏறிவிடும். ஆனால் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. கார் ஆனாலும், தையல் இயந்திரம் ஆனாலும், "எல்லாரும் வாங்குகிறார்கள், இன்றே வாங்குங்கள்" என்று ஒருவர் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. எந்த மாதத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்?
2. உள்நாட்டுக் கணக்கா, வெளிநாட்டையும் சேர்த்த கணக்கா?
3. கடைக்கு அனுப்பியதா, மக்கள் வாங்கியதா?

தம்பியின் காரில் முதலில் ஏறியவர் அக்கா. குடோன் வாசலில் இறங்கினார். அவருடைய சேலையில் மிளகு வாசனை. புதுக் காரிலும் அந்த வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

சொற்களைத் தெரிந்துகொள்வோம்

ஏற்றுமதி: நம் நாட்டுப் பொருளை வெளிநாட்டுக்கு விற்பது.
இறக்குமதி: வெளிநாட்டுப் பொருளை வாங்கி வருவது.
முன்பணம்: பொருளை எடுக்கும் முன் கட்டும் பணம்.
அந்நியச் செலாவணி: வெளிநாட்டுப் பொருள் வாங்கத் தேவைப்படும் டாலர் போன்ற பணம்.

கணக்குப் போடுவோம்

1. வரி இல்லாமல் ஒரு காரின் விலை 5 லட்சம் ரூபாய். 100க்கு 29 என்றால் வரி எவ்வளவு? 100க்கு 18 என்றால் எவ்வளவு? மிச்சம் எவ்வளவு?
2. ஒரு கம்பெனி ஒரு மாதத்தில் 80 கார்களை ஷோரூமுக்கு அனுப்பியது. 65 கார்களே பதிவாயின. ஷோரூமில் எத்தனை கார் கூடுதலாகத் தேங்கியது?

கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் எந்த மாதத்தில் வியாபாரம் கூடும்? எந்த மாதத்தில் குறையும்? ஏன்?
2. உங்கள் ஊரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் பொருள் எது? அதன் விலை இறங்கினால் யார் வீட்டில் அடுப்பு எரியாது?
3. அவசரப்பட்டு வாங்கிய பொருள் ஏதாவது உங்கள் வீட்டில் உண்டா? வாங்கும் முன் என்ன கேட்டிருக்கலாம்?