உள்ளே போக பாஸ்வேர்ட் சரி, வெளியே வர?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு பாடம் கற்றுக் கொள்வார்கள். மவுஸ் நகராது. கீபோர்டில் எதைத் தட்டினாலும் பலன் இருக்காது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்த்துவிட்டு, "பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடிங்க அங்கிள்" என்பான். நான்கைந்து வினாடிகளில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். (சில லேப்டாப்களில் பத்து வினாடிகள் வரை ஆகலாம்.)

இதே பட்டனை லேசாகத் தட்டினால் என்ன நடக்கிறது? "பட்டன் அழுத்தப்பட்டது" என்ற தகவல் மட்டும் விண்டோஸுக்குப் போகிறது. விண்டோஸ் ஹேங் ஆகிக் கிடந்தால் அதைக் கவனிக்க ஆள் இல்லை. அழுத்திப் பிடிக்கும்போது மட்டும் விண்டோஸை யாரும் கேட்பதில்லை. மதர்போர்டில் உள்ள சர்க்யூட்டே மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. சி.டி. டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அதன் முகப்பையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் ஒரு துளை இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதற்குள் விட்டு அழுத்தினால், மின்சாரமே இல்லாவிட்டாலும் டிரே வெளியே வரும். எலக்ட்ரானிக்ஸ் கைவிட்டால் தப்பிக்க இரும்பில் ஒரு வழி என்று இதைச் சொல்லலாம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கம்ப்யூட்டர் மேஜையில் இருந்து இறங்கி வாசல் கதவுக்கும் வந்துவிட்டது. விரல் ரேகை, நம்பர், கார்டு, மொபைல் ஆப் என்று எதில் வேண்டுமானாலும் திறக்கும் டிஜிட்டல் பூட்டுகளை ஃபிளாட்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். வண்டிகளிலும் வந்துவிட்டன. சினிமா படப்பிடிப்புகளில் நிற்கும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் கொண்ட அதுபோன்ற கேம்பர் வண்டிகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவது அமெரிக்காவில் மிகவும் பிரபலம். அவற்றின் கதவிலும் நம்பர் தட்டித் திறக்கும் பூட்டுகள் பொருத்தப்படுகின்றன.

கடையில் நாம் கேட்கும் கேள்விகள் எல்லாம் உள்ளே போவதைப் பற்றியே இருக்கும். எத்தனை விரல் ரேகை பதியலாம், ஆபீஸில் இருந்து திறக்க முடியுமா, திருடன் உடைத்தால் அலாரம் அடிக்குமா? பேட்டரி செத்துப்போய், அறையில் புகை சூழ்ந்திருக்கும்போது உள்ளே இருப்பவர் எப்படித் திறப்பார் என்று கேட்பவர்கள் குறைவு. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். உள்ளே வர பாஸ்வேர்ட் கேட்கட்டும். வெளியே போக எந்த புரோகிராமின் அனுமதியும் தேவைப்படக் கூடாது. புரோகிராம் எழுதுவதே என் தொழில் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். வீடுகளுக்கான டிஜிட்டல் பூட்டில் பெரும்பாலும் நான்கு அல்லது எட்டு பென்டார்ச் பேட்டரிகள் இருக்கும். ரேகை சரியாக இருந்தால் உள்ளே இருக்கும் சிறிய மோட்டார் சுழலும். சில மாடல்களில் மோட்டாரே பூட்டின் நாக்கை இழுத்துக் கொள்ளும். வேறு சிலவற்றில் வெளிக் கைப்பிடியை நாக்கோடு இணைப்பது மட்டுமே அதன் வேலை. நாக்கை இழுப்பது உங்கள் கை. இரண்டிலும் பேட்டரி தீர்ந்தால் நாக்கு இருந்த இடத்திலேயே இருக்கும், அதாவது பூட்டியது பூட்டியபடியே. வெளியே நிற்பவருக்குச் சாவித் துவாரமோ, 9 வோல்ட் பேட்டரியை ஒட்டி வைக்கும் முனையோ கொடுத்திருப்பார்கள். உள்ளே இருப்பவருக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்பதில்தான் மாடலுக்கு மாடல் வித்தியாசம். நல்ல பூட்டில் உள்பக்கக் கைப்பிடி அல்லது திருகு நேராக நாக்கோடு இணைந்திருக்கும். சிலவற்றில் உள்ளேயும் ஒரு பட்டன்தான் பளபளக்கும். கையால் திறக்கும் திருகு ஒரு மூடிக்குள் ஒளிந்திருக்கும். குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்க உள் கைப்பிடியை முடக்கும் வசதியும் சில மாடல்களில் உண்டு. அதை ஆன் செய்தவர் ஊருக்குப் போயிருக்க, வீட்டில் இருப்பவர் கைப்பிடியோடு மல்லுக்கட்டும் நிலை வரலாம்.

அலுவலகக் கண்ணாடிக் கதவுகளில் உள்ள காந்தப் பூட்டு இதற்கு நேர் எதிர். மின்சாரம் இருக்கும் வரைதான் காந்தம் பிடிக்கும். கரண்ட் போனால் கதவு தானாக விடுபடும். பாதுகாப்பானதுதானே என்று தோன்றும். ஆனால் அதற்கு யு.பி.எஸ். இணைத்துவிடுகிறோமே! கரண்ட் போன பிறகும் காந்தம் இறுக்கிப் பிடித்தபடியே இருக்கும். வெளியேறும் பட்டனின் ஒயர், கார்டு படிக்கும் கன்ட்ரோலருக்குப் போனால், கன்ட்ரோலர் ஹேங் ஆகும்போது பட்டனும் பயனற்றது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர் இப்படித்தான் நாற்பது நிமிடம் உள்ளே நின்றோம். செக்யூரிட்டி அண்ணன் வந்து யு.பி.எஸ். ஒயரைப் பிடுங்கிய பிறகே கதவு திறந்தது. பட்டனோ, அவசரத்துக்கு உடைக்கும் பச்சைப் பெட்டியோ காந்தத்துக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாக வெட்ட வேண்டும். பூட்டு மாட்ட வருபவரிடம் இதைக் கேளுங்கள். அவர் விழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சரி, உங்கள் வீட்டுப் பூட்டை எப்படிச் சோதிப்பது? முதலில் கதவைத் திறந்தே வையுங்கள். திறந்த நிலையிலேயே பூட்டி, நாக்கை வெளியே வர விடுங்கள். இப்போது பேட்டரிகளை எல்லாம் கழற்றிவிட்டு உள்பக்கக் கைப்பிடியை அழுத்துங்கள். எல்லா நாக்குகளும் உள்ளே போக வேண்டும். ஒன்று போய் ஒன்று நின்றாலும் அந்தப் பூட்டை நம்பாதீர்கள். (கதவு மூடினால்தான் சில பூட்டுகள் நாக்கை நீட்டும். அப்படியானால் இந்தப் படியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.) பிறகு நம்பிக்கையான ஒருவரைச் சாவியோடு வெளியே நிற்க வைத்து, கதவை மூடி, பேட்டரி இல்லாமல் உள்ளிருந்து திறந்து பாருங்கள். கடைசியாக இரவில் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டில் உள்ள மற்றவர்களைத் திறக்கச் சொல்லுங்கள். பாட்டியின் கைக்கு அந்தத் திருகு சுற்ற வருகிறதா, எட்டு வயதுக் குழந்தைக்கு எட்டுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

கேம்பர் வண்டியில் இந்தச் சோதனை இன்னும் அவசியம். ஒரே அறை, பெரும்பாலும் ஒரே வாசல், அதன் பக்கத்திலேயே கேஸ் அடுப்பு. அடுப்பில் தீப்பிடித்தால் வாசலுக்கே போக முடியாது. அதனால்தான் அமெரிக்கத் தரவிதிகள் இந்த வண்டிகளில் கதவு தவிர இன்னொரு வெளியேறும் வழியும் வேண்டும் என்கின்றன. வழக்கமாக அது சிவப்புக் கைப்பிடி உள்ள ஜன்னல். இந்த ஜன்னலின் ரப்பர் பல மாதம் திறக்காமல் விட்டால் ஒட்டிக் கொள்ளும். பயணம் கிளம்பும் முன் ஒருமுறை முழுதாகத் திறந்து மூட வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறப்பது என்பதால், சுவரையோ மரத்தையோ ஒட்டி வண்டியை நிறுத்தினால் எந்தப் பூட்டு இருந்தும் பயனில்லை.

கார்களிலும் இதே பிரச்சினை வந்திருக்கிறது. டெஸ்லா கார்களின் கதவுகள் பட்டனில் திறப்பவை. அந்தப் பட்டனுக்கு மின்சாரம் தருவது காரை ஓட்டும் பெரிய பேட்டரி கிடையாது. தனியாக உள்ள சிறிய பேட்டரி. 2021 மாடல் ஒய் கார்களில் இந்தச் சிறிய பேட்டரி பலவீனமாகி வெளிக் கைப்பிடிகள் வேலை செய்யாமல் போய், பின் சீட்டில் குழந்தைகள் மாட்டிக் கொண்டதாக வந்த புகார்களை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2025 செப்டம்பரில் விசாரிக்கத் தொடங்கியது. உள்ளே கையால் திறக்கும் நெம்புகோல் முன் கதவுகளில் எளிதாகக் கைக்குக் கிடைக்கும். மாடல் ஒய் பின் கதவில் அது கதவுப் பையின் அடியில், ஒரு விரிப்புக்குக் கீழே மறைந்திருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் என்று எப்படி நினைத்தார்களோ!

நம் ஊர் ஃபிளாட்களில் இன்னொரு சிக்கல் உண்டு. டிஜிட்டல் பூட்டு போட்ட மரக் கதவுக்கு வெளியே இரும்பு கிரில் கேட். அதற்கு ஒரு சாதாரணப் பூட்டு. முதல் கதவை ஒரு வினாடியில் திறந்துவிட்டு, கிரில் சாவியை ஃபிரிட்ஜ் மேல் தேடிக் கொண்டிருப்போம். 1967 ஜனவரி 27 அன்று, அப்போலோ 1 விண்கலத்தைத் தரையில் வைத்து ஒத்திகை நடந்தபோது உள்ளே தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். அதன் வாசலிலும் அடுக்கடுக்காக மூடிகள் இருந்தன. உள் மூடி உள்பக்கமாகத் திறப்பது. தீயால் ஏறிய அழுத்தம் அதை நகர விடவில்லை. எல்லாம் சரியாக இருந்தாலே அந்த வாசலைத் திறக்க 90 வினாடிகளாவது ஆகும் என்று கணக்கு. விபத்துக்குப் பிறகு நாசா, சில வினாடிகளில் வெளிப்பக்கம் திறக்கும் ஒரே கதவாக அதை மாற்றியது. நமக்கு அவ்வளவு செலவு இல்லை. கிரில் சாவியை கேட்டுக்குப் பக்கத்தில், ஆனால் வெளியில் இருந்து கை எட்டாத இடத்தில் ஓர் ஆணியில் மாட்டினால் போதும்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான பூட்டுகளுக்குப் பரிந்துரைக்கப்படுவது ஆல்கலைன் பேட்டரி. சார்ஜ் செய்யும் வகையைப் போட்டால் வோல்டேஜ் வேறு என்பதால் எச்சரிக்கை ஒலி சரியான நேரத்தில் வராது. ஒலி வந்த அன்றே, பழையதும் புதியதும் கலக்காமல் மொத்தமாக மாற்றுங்கள். மேலே சொன்ன சோதனையையும் அப்போதே செய்துவிடலாம். எப்படியும் பேட்டரியைக் கழற்றத்தானே போகிறீர்கள்.