புல்லர் கேட்டால் ‘எதற்கு?’ என்று கேளுங்கள்



சென்ற மாதக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, புதிதாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் இளைய உறுப்பினர் ஒருவர், “அண்ணாச்சி, புல்லரில் இத்தனை ரகம் வருகிறதே, எதை வாங்கி அடுக்குவது?” என்று கேட்டார். பாதி பதிலை அங்கேயே சொன்னோம். மீதிப் பாதி நாம் சற்று வெட்கத்தோடு சொல்ல வேண்டியது. அதை இங்கே எழுதுகிறோம்.

நமது கடைக்குத் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வருவார். வளைகுடா நாட்டில் ஒரு பட்டறையில் மெக்கானிக். லீவில் வரும்போதெல்லாம் ஸ்பேனர், சாக்கெட் என்று ஏதாவது வாங்கிப் போவது வழக்கம். அங்கே கிடைக்காத பொருளா என்று கேட்டால், “நம்ம கடைச் சாமான் கைக்குப் பழகிப்போச்சு அண்ணாச்சி” என்பார். நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்தவர், “ரெண்டு கால் புல்லர், நல்லா கெட்டியா ஒண்ணு கொடுங்க” என்றார். இருந்ததில் பெரியதை எடுத்துக் கொடுத்தோம், பில் போட்டோம், ரொக்கம் வாங்கினோம். எதற்கு என்று கேட்கவில்லை. புல்லர் என்றால் பேரிங் கழற்ற, பல்சக்கரம் கழற்ற. இதில் கேட்க என்ன இருக்கிறது?

சென்ற தை மாதம் மறுபடி வந்தார். மேல் வரிசையில் முன்பல் இரண்டு இல்லை. உதட்டிலிருந்து தாடை வரை ஒரு தழும்பு. “இன்னும் கெட்டியா வேணும் அண்ணாச்சி, போன தடவை வாங்கினது வழுக்கிடுச்சு” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் நம்மைச் சுட்டது. உட்கார வைத்து, எதற்கு என்று அன்றைக்குத்தான் கேட்டோம். பில் புத்தகத்தின் பின்னட்டையில் படம் போட்டுக் காட்டினார்.

அவர் வேலை செய்யும் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் அமெரிக்க பிக்கப் வண்டிகள். செவர்லே சில்வராடோ, ஜி.எம்.சி. சியரா என்ற பெயர்கள். நம் ஊர் லாரியில் முன்பக்கம் ஸ்பிரிங் பட்டை அடுக்கியிருக்கும். காரில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். இந்த வண்டிகளில் கனரக வகைக்கு முன்பக்கம் இரண்டும் கிடையாது. சேசிஸ் ஓரமாக நீளவாக்கில் இரண்டு உருட்டுக் கம்பிகள் போகின்றன. ஸ்பிரிங் எஃகில் செய்த அந்தக் கம்பிக்கு டார்ஷன் பார் என்று பெயர். கம்பியின் முன் முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையில் செருகியிருக்கும். பின் முனை சேசிஸின் குறுக்குச் சட்டத்துக்குள் ஒரு குட்டைக் கையில் செருகியிருக்கும். சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், இறங்கினால் முறுக்குத் தளரும். ஈர வேட்டியை முறுக்கிப் பிழிந்து ஒரு முனையை விட்டால் அது சுழன்று திரும்புமே, அதே சங்கதி. வேட்டிக்குப் பதில் எஃகு, பிழிபவருக்குப் பதில் வண்டியின் பாரம்.

பின் முனையில் இருக்கும் அந்தக் குட்டைக் கைக்குத்தான் ‘கீ’ என்று பெயர். இந்தப் பெயரே ஒரு தொல்லை. நம் கடைப் பையன் ‘கீ’ என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே போய்த் தண்டில் செருகும் சதுரக் கீ பெட்டியைக் கொண்டு வந்து வைத்தான். தம்பி சிரித்துவிட்டார். சிரிக்கும்போதுதான் அந்தப் பல் இடைவெளி முழுதாகத் தெரிந்தது.

கீயின் நுனியைக் கீழிருந்து ஒரு போல்ட் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த போல்ட் குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு நட்டுக் கட்டை வழியாக ஏறுகிறது. போல்ட்டை ஏற்றினால் வண்டியின் முன்பக்கம் உயரும், இறக்கினால் தாழும். கியர்பாக்ஸ் பக்கம் வேலை வந்தாலும், கீழ்க் கையை மாற்ற வேண்டியிருந்தாலும், முன்பக்கத்தை உயர்த்தி அழகு பார்க்க வேறு கோணத்துக் கீ போடும் ஆசை வந்தாலும், இந்தக் கீயைக் கழற்றியாக வேண்டும்.

இதில் அடங்கியிருக்கும் பலம் எவ்வளவு? நாம் வியாபாரிகள், கணக்குப் போட்டால்தான் நமக்குப் புரியும். ஒரு முன் சக்கரத்தின் மேல் 800 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்வோம். கீழ்க் கையின் நீளம் 40 சென்டிமீட்டர், கீயின் நீளம் 16 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 800-ஐ 40-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்தால் 2000. அதாவது கீயின் நுனியில் இரண்டு டன். வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் இது குறையும். ஆனால் தீர்ந்துபோகாது. கை கீழ்த் தடையில் இடித்து நின்ற பிறகும் கம்பியில் முறுக்கு மிச்சம் இருக்கும். நம் கடை ஷட்டரின் மேல் உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை, ஷட்டர் முழுதும் மேலே ஏறிவிட்டது என்பதற்காக யாராவது கையால் அவிழ்ப்போமா?

போல்ட்டை முழுதும் அவிழ்த்துவிட்டால் போதாதா என்று நாம் கேட்டோம். நாற்பது வருடம் கடை நடத்தியவனின் அறிவு அவ்வளவுதான். டொயோட்டா ஹைலக்ஸ் பழைய வண்டிகளில் போதும். அங்கே போல்ட் நீளமானது. அதைத் தளர்த்தத் தளர்த்த முறுக்கும் முழுதாகத் தளர்ந்துவிடும். அமெரிக்க வண்டியில் அப்படி இல்லை. முறுக்கு தீருமுன் போல்ட்டின் மரை தீர்ந்துவிடும். மிச்ச முறுக்கோடு கீ படாரென்று சுழலும். அதனால் கீயை முதலில் இன்னும் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடித்து, போல்ட்டின் மேலும் நட்டுக் கட்டையின் மேலும் பாரம் இல்லாமல் செய்து, இரண்டையும் எடுத்துவிட்டு, பிறகு கீயை மெதுவாக இறக்க வேண்டும். தள்ளிப் பிடிப்பது எதனால் என்பதுதான் கேள்வி.

தம்பி நம்மிடம் வாங்கிய ரெண்டு கால் புல்லரால் பிடித்தார். மூன்று வருடம் அது வேலையும் செய்தது. நான்காம் வருடம் ஒரு நாள் வழுக்கியது. புல்லர் நேர்கோட்டில் இழுக்கச் செய்த சாமான். பல்சக்கரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு கால்கள் சமமாகப் பிடிக்க, நடுவில் மரைத்தண்டு நேராகத் தள்ள வேண்டும். கீயோ வட்டமாகச் சுழல்வது. தள்ளத் தள்ளத் தண்டின் முனை சாய்ந்துகொண்டே போகும். பாரம் ஒரு காலுக்கு ஏறும், மற்றக் கால் விரியும், சட்டத்தின் விளிம்பிலிருந்து நழுவும். பிறகு அது எறிகல்தான்.

சி கிளாம்பு போடுகிறவர்களும் உண்டாம். கிளாம்பு இரண்டு பலகையைச் சேர்த்துப் பிடிக்கச் செய்தது. வார்ப்பிரும்புக் கிளாம்பு என்றால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். எஃகுக் கிளாம்பு வாய் விரிந்து கொடுக்கும். அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குவது இன்னும் மோசம். கீ சுழலும்போது ஜாக்கியின் தலை நழுவும், இல்லையென்றால் வண்டியே ஸ்டாண்டிலிருந்து எழும்பும். கடப்பாரை போடுகிறவரைப் பற்றி எழுத நமக்கு மனமில்லை. “நூறு தடவை செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்லும் மேஸ்திரிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நம் தம்பியும் அப்படிச் சொன்னவர்தான்.

இந்த வேலைக்கென்றே ஒரு கருவி இருக்கிறது. ஆங்கிலத்தில் டார்ஷன் பார் அன்லோடர் என்பார்கள். முறுக்கு இறக்கி என்று வைத்துக்கொள்ளலாம். தடித்த எஃகில் கொக்கி போன்ற சட்டம், அதன் நடுவே பெரிய மரைத்தண்டு. சட்டம் வண்டியின் குறுக்குச் சட்டத்தின் மேல் ஏறி உட்காரும். தண்டின் முனை கீயின் அடியில் அதற்கென்றே விட்டிருக்கும் சிறு குழியில் பதியும். நழுவ இடமில்லை என்பதே இதன் சிறப்பு. பலம் இரண்டாம் பட்சம். கெட்டியான புல்லர் வேண்டும் என்று தம்பி கேட்டதும், கெட்டியானதைத் தேடி நாம் கொடுத்ததும் இங்கேதான் தப்பாகப் போயின. அந்த வேலைக்குக் கெட்டியைவிடப் பிடிமானமே தேவை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். சட்டம் வார்ப்பாக இருக்கக் கூடாது, காய்ச்சி அடித்த எஃகாகவோ தடித்த தகட்டில் வெட்டியதாகவோ இருக்க வேண்டும். மரை நுண்ணிய மரையாக, கையால் சுழற்றினால் தடங்கலின்றி ஓட வேண்டும். எந்த வண்டி, எந்த வருடம் என்று சொல்லியே வாங்க வேண்டும். சில்வராடோவில் இலகு வகைக்கு 2007-இல் வந்த புது அமைப்பிலேயே சுருள் ஸ்பிரிங் வந்துவிட்டது, அதற்கு இந்தக் கருவியே வேண்டாம். கனரக வகையில் டார்ஷன் பார் தொடர்ந்தது. ஆனால் 2011-இல் அதன் சேசிஸ் மாறியது. பழைய அளவுக் கருவி புதியதில் சரியாக உட்காரும் என்று நம்பி வாங்கக் கூடாது.

வேலை முறையைத் தம்பியே சொன்னார், நாம் கேட்டுக்கொண்டோம். சக்கரம் இரண்டும் தொங்க வண்டியை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். போல்ட் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது வண்டி ஒரு பக்கம் சாயும். கருவியின் மரைக்குக் கிரீஸ் தடவ வேண்டும். கை ஸ்பேனரால்தான் சுழற்ற வேண்டும். காற்றில் ஓடும் கன் போட்டால், எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று கைக்குத் தெரியாது. முகம் கருவிக்கு நேராக இருக்கவே கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும், கண்ணாடி போட வேண்டும். கழற்றிய கம்பிகளில் இடது வலது குறித்து வைக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் முறுக்குக்குப் பழக்கியவை, மாற்றிப் போட்டால் ஒடியும். கம்பியைச் சுத்தியலால் அடித்துக் காயப்படுத்தவும் கூடாது. சிறு வெட்டு போதும், பின்னாளில் அங்கேதான் முறியும்.

தம்பி கேட்ட பெரிய புல்லர் அன்றைக்கு நம்மிடம் இருந்தது. விற்கவில்லை. அவருக்கு வேண்டிய கருவி நம்மிடம் இல்லை, நம் ஊரில் அதற்கு வேலையும் இல்லை. பழைய டாடா சஃபாரி, டொயோட்டா குவாலிஸ் வண்டிகளில் டார்ஷன் பார் உண்டு. ஆனால் குவாலிஸ் நீள போல்ட் வகை, அதற்கு இந்தக் கருவியைத் தலையில் கட்டுவது ஏமாற்று. கண்ணாடி ஒன்றை மட்டும் கொடுத்து அனுப்பினோம். பட்டறை முதலாளி கருவி வாங்க மறுத்ததாகவும், கூட வேலை செய்யும் மூவரோடு பங்கு போட்டு வாங்கிவிட்டதாகவும் மாசியில் போன் செய்தார்.

இன்னொரு செய்தி. ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் கருவியை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள், கையில் இருப்பதை வைத்துத்தான் ஒப்பேற்றுவார்கள். விபத்துக்கு இதுவே பெரிய காரணம். அமெரிக்காவில் ஆட்டோசோன் போன்ற உதிரிபாகக் கடைகள் இப்படிப்பட்ட கருவிகளை முழு விலையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு இரவல் தருகின்றன, திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பிவிடும். வாங்க வந்தவர் உதிரிபாகத்தையும் அங்கேயே வாங்கிப் போகிறார். நாமும் சித்திரை முதல் சுருள் ஸ்பிரிங் அழுத்தி, மூன்று கால் புல்லர் என்று நான்கு கருவிகளை இந்த முறையில் வைத்திருக்கிறோம். தனி நோட்டு, தனிப் பெட்டி. இதுவரை பதினொரு முறை வெளியே போயிருக்கின்றன. ஸ்பிரிங் அழுத்தி மட்டும் போன வியாழக்கிழமை போனது, இன்னும் திரும்பவில்லை. முன்பணம் பத்திரமாக இருக்கிறது.